வெயில் ஊரில் ஹீட்டர் ஹோஸும் வால்வும்: பழைய பிக்கப்பில் என் அனுபவம்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கேரளா போய்வரும் பழைய டீசல் பிக்கப் என்னுடையது. ஏசி, ஹீட்டர் இரண்டும் உண்டு. "நம்மூரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு அண்ணாச்சி? ரெண்டு ஹோஸையும் கழத்திட்டு லூப் போட்டுருவோம்" என்று மெக்கானிக் தம்பி பார்க்கும்போதெல்லாம் சொல்வான். லூப் போட்டால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஹீட்டருக்குப் போகாமல் என்ஜினுக்கே திரும்பிவிடும். பங்குனி, சித்திரையில் அவன் சொல்வது நியாயமாகத்தான் படும். ஆனால் ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும், என்ஜின் ஓடுகிற நேரமெல்லாம், ஹீட்டருக்குப் போகும் வழியை மூடித் திறக்கும் வால்வு வரைக்கும் சுடு கூலண்ட் அழுத்தத்தோடு நிற்கிறது. தொடாமல் விட்டாலும் ரப்பர் கிழடாகிக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் வால்வு. நம் பக்கம் ஹீட்டர் வால்வு கெட்டால் ஹீட்டர் ரிப்பேர் என்று யாருக்கும் தோன்றாது. ஏசி கூலிங் இல்லை என்றுதான் தோன்றும். வால்வு முழுசாக மூடாவிட்டால் டேஷ்போர்டுக்குள் குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஹீட்டர் கோரில் சுடுதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசி ஒரு பக்கம் குளிர்விக்க, அது இன்னொரு பக்கம் சூடேற்றும். ஏசிக்காரரிடம் போனால் கேஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் லீவரை 'கூல்' பக்கம் தள்ளிவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், வால்வுக்கு முன்னும் பின்னும் ஹோஸைப் புறங்கையால் லேசாகத் தொட வேண்டும். முன்னால் சுட்டு, பின்னால் வெதுவெதுப்பாக இருந்தால் வால்வு மூடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் கேஸ் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை.

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் வால்வு, கேபிள் இழுத்துத் திருப்பும் தண்டு (ஸ்பிண்டில்) பக்கம் கசிய ஆரம்பித்தது. சொட்டாது, காய்ந்த கூலண்ட் வெள்ளையாகப் பூத்து நிற்கும், அவ்வளவுதான். பித்தளை வால்வு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்த வால்வும் அசையாமல் கிடந்தால் பிடித்துக்கொள்ளும். மாசம் ஒரு தடவை, வேகாத வெயிலாக இருந்தாலும், ஜன்னலை இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம் ஹீட்டரை முழுசாகத் திறந்து ஓட்டுகிறேன். கிளீனர் பையன் என்னை ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

ஹோஸ் விஷயத்தில் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். விரிசல் பெரும்பாலும் உள்பக்கம்தான் தொடங்கும், அதுவும் கிளிப்புக்கு இரண்டு அங்குலத்துக்குள். என்ஜின் ஆறியிருக்கும்போது நடுப்பகுதியை ஒரு அமுக்கு, கிளிப் ஓரத்தை ஒரு அமுக்கு. ஓரம் மட்டும் பழுத்த சப்போட்டா மாதிரி தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கடையில் மீட்டர் கணக்கில் கேட்டால் சில சமயம் டீசல் ஹோஸை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். சுடு கூலண்ட்டில் அது சீக்கிரம் இறுகி வெடிக்கும். ஈபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: ஆயில் பட்டால் ஊதிப்போகும். எனவே என்ஜின் தலையில் இருக்கும் வால்வு கவரின் ஆயில் கசிவை அடைக்காமல் புது ஹோஸ் போடுவது வீண். திருகு கிளிப்பை வெறிகொண்டு இறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும். கம்பெனி ஸ்பிரிங் கிளிப் நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்பப் போடுவேன்.

எல்லாவற்றையும் சீக்கிரம் கெடுப்பது தண்ணீர். உவரி, திசையன்விளைப் பக்கம் லோடு போய், கிடைத்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அந்த உப்பு முதலில் அடைப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், என்ஜினுக்கு அதுவும் வேண்டாம். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. நம்மூரில் உறைபனி இல்லையே என்பார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும் அதே கூலண்ட்தான்.

புதுசாக ஊற்றும்போது ஹீட்டர் வால்வு திறந்திருக்க வேண்டும். முன்சக்கரம் மேட்டில் நிற்கட்டும். என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் காற்றுக்குமிழி வெளியேறும். ஏர் பிடித்திருந்தால் டேஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். சூடான வண்டியில் மூடியில் கை வைக்கவே கூடாது.

லூப் போடச் சம்மதிக்காததற்குக் காரணம் குற்றால சீசன். ஆடிச் சாரலில் புளியரை எஸ் வளைவு ஏறும்போது, ஜன்னலை மூடிக்கொண்டு மூன்று பேர் மூச்சு விட்டால் கண்ணாடி பூத்துவிடும். துணியால் துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும். ஏசியோடு ஹீட்டரையும் சேர்த்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் சீக்கிரமே தெளிந்துவிடும். பாரத்தோடு ஏறும்போது சூட்டு முள் மேலே போனால் ஹீட்டரும் ஃபேனும் முழுசாக வைத்துப் பாருங்கள். நமக்கு வேர்த்துக் கொட்டும், முள் கொஞ்சம் இறங்கும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், ஓரம் கட்டிவிடுங்கள்.

இப்போது மிச்சம் இருப்பது ஹீட்டர் கோர். சில நாள் காலையில் வண்டிக்குள் லேசான இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, கிளீனர் பக்கக் கால்மிதியில் ஈரம். கோர் கசிகிறது. டேஷ்போர்டு மொத்தத்தையும் கழற்ற வேண்டிய வேலை, சீசனுக்கு முன்னால் முடிக்க வேண்டும். அன்று வடிக்கிற கூலண்டை ஒர்க்‌ஷாப் வாசலில் ஊற்ற விடமாட்டேன். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், நக்கினால் செத்துப்போகும். கேனில் பிடித்து மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.