நுவரெலியா ஒன்றுகூடலும் கொழும்பு ஒலியமைப்பும்

எமது நிறுவனத்தின் வருடாந்த முகவர் ஒன்றுகூடலை நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடத்தினோம். ஒலி வசதிக்காகக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். அவர்கள் அனுப்பிய விலைமனுவில் ஒலிபெருக்கிப் பெட்டிகள், கம்பியில்லா ஒலிவாங்கிகள், அவற்றின் ஒலியைக் கலந்து கட்டுப்படுத்தும் டிஜிட்டல் மிக்சர் என எல்லாமே உயர்தரமானவை. முற்பணமாகப் பாதித் தொகையைக் கேட்டார்கள், கொடுத்தோம். மண்டபத்தைப் பார்க்க மட்டும் எவரும் வரவில்லை.

அதன் விளைவு காலை அமர்விலேயே தெரிந்தது. நீளமான அந்த மண்டபத்தில் மேடையின் இருபுறமும் இரண்டு பெட்டிகளை மட்டுமே வைத்திருந்தார்கள். பின்வரிசையினர் கேட்கவில்லை என்றதும் ஒலியைக் கூட்ட, ஒலிவாங்கி ஊளையிடத் தொடங்கியது. மண்டபத்தின் நடுப்பகுதியில் மேலும் இரண்டு சிறிய பெட்டிகளை வைத்து, மேடையிலிருந்து வரும் ஒலியுடன் சேர்ந்து கேட்கும்படி அவற்றின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தியிருந்தால் போதும்: 15 மீற்றரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 44 மில்லிசெக்கன் எடுக்கும்.

பிற்பகல் மழையில் மின்சாரம் நின்றது. ஹோட்டலின் மின்பிறப்பாக்கி சில செக்கன்களில் இயங்கி விளக்குகள் எரிந்தன. ஆனால் மின்சாரம் அறுந்த மிக்சர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால், பணிப்பாளர் ஒரு நிமிடத்துக்கும் மேலாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் மின் கொடுக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் மிக்சருக்கு இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கேட்டதற்கு, கொழும்பு ஹோட்டல்களில் அதற்குத் தேவை வருவதில்லை என்றார்கள்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உண்மையில் வருத்தியது மொழிபெயர்ப்பு. சிங்களப் பேச்சை ஒரு சகோதரி பகுதி பகுதியாகத் தமிழில் சொல்லிவந்தார். மிக்சரில் இருந்தவருக்கோ தமிழ் தெரியாது. பேச்சாளர் நிறுத்திய பின், மொழிபெயர்ப்பாளரின் ஒலிவாங்கியைத் திறக்க ஒவ்வொரு முறையும் தாமதித்ததால், வாக்கியங்களின் முதல் இரண்டு மூன்று சொற்கள் காணாமற் போயின. தரகுப்பணம் எந்த மாதத்திலிருந்து கூடுகிறது என்பதும் அப்படித்தான் போனது; தேநீர் இடைவேளையில் தலவாக்கலை முகவர்கள் என்னிடம் வந்து மாதத்தைக் கேட்டார்கள். நாள் முழுவதும் ஒலித்த குரலில், தமிழ் மட்டுமே நிற்கத் தெரியாமல் தடுக்கி விழுந்ததுபோல் இருந்தது.

அடுத்த மாதம் ஹட்டனில் நடந்த பயிற்சிக் கூட்டத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்தோம். அவருடைய பெட்டிகள் பழையவை, ஒன்றின் வலைக்கம்பி நசுங்கியிருந்தது. இசை நிகழ்ச்சிக்கு அவரைப் பரிந்துரைக்க மாட்டேன். மடிக்கணினியை இணைத்ததும் ஒரு ரீங்காரம் எழுந்தது. அவர் கணினியின் மின்னிணைப்பையும் மிக்சரின் மின்னிணைப்பையும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததும் அது அடங்கியது. இரு மொழிகளும் தெரிந்த அவர், பேச்சாளர் வாக்கியத்தை முடிக்குமுன்பே மொழிபெயர்ப்பாளரின் ஒலிவாங்கியில் விரலை வைத்துக் காத்திருந்தார்.

வரும் ஆண்டின் நுவரெலியா ஒன்றுகூடலுக்கு அவரிடமே விலைமனு கேட்டிருக்கிறோம், நடுமண்டபத்துக்கு நல்ல பெட்டிகளை வாடகைக்கு எடுத்துவர வேண்டும் என்ற நிபந்தனையுடன். விலையைச் சொல்லுமுன் அவர் பஸ்ஸேறி வந்து மண்டபத்தை அடியெடுத்து அளந்தார். மின்பிறப்பாக்கி எங்கே இருக்கிறது என்று ஹோட்டல் ஊழியரிடம் கேட்டார்.