ரோம்னி மார்ஷ்: ஃபேர்ஃபீல்டா, புரூக்லேண்டா?

இங்கிலாந்துல கென்ட் பக்கம் இருக்குற ரோம்னி மார்ஷ் சதுப்பு நிலத்துக்குப் போறீங்க, ஒரே ஒரு சர்ச்சுக்குத்தான் டைம் இருக்குன்னா கண்ண மூடிட்டு ஃபேர்ஃபீல்டு போயிடுங்க. செம்மறி ஆடு மேயுற சதுப்புக்கு நடுவுல, சுத்தி வாய்க்காலோட தன்னந்தனியா நிக்குது, 1913ல மேடு போட்டு பாதை அமைக்கிற வரைக்கும் வெள்ளம் வந்தா படகுலயோ குதிரையிலயோதான் ஆராதனைக்கு வந்திருக்காங்க. வெளிய 18ஆம் நூற்றாண்டு செங்கல், உள்ள போனா பழைய மரச்சட்டம் அப்படியே இருக்கு, தலைக்கு மேல தடிதடியா உத்தரம், வெள்ளை பெயின்ட் அடிச்ச அடைப்பு பெஞ்சு, மூணு அடுக்கு பிரசங்க மேடை.

புரூக்லேண்ட் சர்ச் ஊருக்குள்ளயே இருக்கு, போறது ஈஸி. அங்க மரக் கோபுரம் கூரை மேல இல்ல, பக்கத்துல தரையிலயே நிக்கும். ஆனா அந்த 12ஆம் நூற்றாண்டு ஈய ஞானஸ்நானத் தொட்டி இருக்கே, 12 ராசியும் மாசாமாசம் செய்யுற வேலையும் அதுல வார்த்து வச்சிருக்காங்க, அப்படி ஒரு அழகு. பெரியவங்கள கூட்டிட்டுப் போனா இதுவே சரி, ஃபேர்ஃபீல்டுல புல்வெளியில நடக்கணும்.