3,600 ரூபாய்க்குச் சாயம் போட்ட கல் வாங்கிய கதை

நேற்று ராத்திரிதான் கண்டுபிடித்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னேபின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் 200 லிட்டர் கடல்மீன் தொட்டி, கொஞ்சம் பவளம். பாஸ்பேட் 0.4 பிபிஎம்மில் நின்று பாறையெல்லாம் பச்சைப் பாசி. அதை 0.1க்குக் கீழே இறக்க ரியாக்டரை, அதாவது பாஸ்பேட்டை உறிஞ்சும் குருணைக்குள் (மீடியா) தண்ணீரை ஓடவிடும் குடுவையை, நானே செய்தேன். ஆர்ஓ மெஷினுக்கு வெளியே மாட்டுவார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான ஹவுசிங், ஒரு சின்ன பம்ப், நடுவில் குழாய், மேலும் கீழும் ஸ்பாஞ்ச். தண்ணீர் நடுக்குழாயில் அடிவரை இறங்கி, மீடியாவுக்குள் புகுந்து மேலே ஏற வேண்டும். அதனால் 'அவுட்' என்று போட்ட பக்கம்தான் பம்ப் டியூபைச் சொருக வேண்டும். ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் கைவேலையில் குறை இல்லை.

குறை உள்ளே போட்ட மீடியாவில். சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு நேரில் போயிருக்கலாம், வெயிலுக்குச் சோம்பல்பட்டு ஒரு வாட்ஸ்அப் குழுவில் விற்பவரிடம் ஒரு கிலோ ஜிஎஃப்ஓ, அதாவது பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணை, கேட்டேன். 3,600 ரூபாய் என்றார். யோசித்தேன். அப்போது அவர் ஒன்று சொன்னார்: "சார், முழுசா போட்ராதீங்க. பாஸ்பேட் சட்டுன்னு இறங்கினா பவளம் வெளுத்துடும், பாதி போட்டு ஆரம்பிங்க." அங்கேதான் விழுந்தேன். சரக்கைக் குறைவாகப் போடச் சொல்கிற வியாபாரி ஏமாற்றுவாரா? அடுத்த நிமிடமே ஜிபேயில் 3,600 போய்விட்டது.

பொட்டலம் வந்தது, கழுவினேன், வாளி முழுக்கச் செக்கச்செவேல். நல்ல ஜிஎஃப்ஓவும் முதலில் அப்படித்தான் விடும் என்பதால் சந்தேகமே வரவில்லை. ஐந்து நாள் ஓட்டினேன். 0.4 அப்படியே.

போன் செய்தால் "டெஸ்ட் கிட் பழசா இருக்கும் சார்". புதுசு வாங்கினேன், அதே 0.4. "பம்ப் வேகம் ஜாஸ்தி." குறைத்தேன். "ஊர்ல இல்ல, திங்கக்கிழமை பேசறேன்." திங்கள் போய் வியாழன் வந்தது, நீல டிக் மட்டும் விழுகிறது. நேற்று ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே வெள்ளைக் கல்! தொட்டி அடியில் அலங்காரத்துக்குப் போடுகிற கல்லுக்குச் சிவப்புச் சாயம். போட்டோ அனுப்பினேன். "இது எங்க சரக்கு இல்ல" என்று ஒரு பதில், அப்புறம் பிளாக். 3,600 ரூபாய்!

ஜிஎஃப்ஓ வாங்குவது பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. விரலால் நசுக்கிப் பாருங்கள், நிஜ ஜிஎஃப்ஓ பெரும்பாலும் பொடியும், கல் பொடியாது. ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டு அவ்வப்போது கலக்கி, மறுநாள் டெஸ்ட் செய்யுங்கள். பாஸ்பேட் இறங்காவிட்டால் ரியாக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதலில் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், என்னைப்போல் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். சாயம் தொட்டிக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, நான் போய்த் தண்ணீர் மாற்ற வேண்டும்.