வால்வு சீலா, ரிங்கா, ஊற்றி ஓட்டுவதா?

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர் ஆயில் குறைகிறது என்று சொன்னால் போதும், "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று பதில் வந்துவிடும். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்; வால்வு சீல் என்பது வால்வு தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் சின்ன ரப்பர். அவசரப்படாதீர்கள். கசிவு இல்லையென்றும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பிசிவி வால்வு அடைக்கவில்லையென்றும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மலைச்சாலையே காட்டிக்கொடுக்கும். குமுளியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்குங்கள். காற்று உள்ளே போகும் இன்டேக்கில் உறிஞ்சல் கூடி, தேய்ந்த வால்வு சீல் வழியே ஆயில் உள்ளே போகும். கீழே வந்து மிதித்ததும் குபீரென்று நீலப் புகை வந்தால் சந்தேகம் சீல் மேல்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகைந்து அடங்குவதும் அதன் குணமே. திரும்ப ஏறும்போது விடாமல் புகைந்து, இழுவையும் குறைந்தால் ரிங். பின்னால் ஒருவரை வரச் சொல்லுங்கள், கண்ணாடியில் சரியாகத் தெரியாது.

மெக்கானிக் மீட்டர் வைத்து கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தையும் அளப்பார். அது குறைவாக இருந்தால், ஸ்பார்க் பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட். ஆனால் அளவு நன்றாக இருப்பதாலேயே ரிங்கை விடுவிக்க முடியாது. கரி பிடித்து ஒட்டிக்கொண்ட ஆயில் ரிங், கம்ப்ரெஷனைக் குறைக்காமலே ஆயிலைக் குடிக்கும். அதனால் மீட்டரை விடப் புகையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

செலவு தோராயமாக, சின்ன காருக்கு: சீல் என்றால் 5,000 முதல் 10,000 ரூபாய். ரிங், போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் என்று போனால் 30,000-ஐத் தாண்டி 50,000 வரை இழுக்கும். ஊற்றியே ஓட்டினால்? 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் என்றால், 10,000 கி.மீ.க்கு 5 லிட்டர், ஏறத்தாழ 2,000 ரூபாய். கெட்டியான 20டபிள்யூ-50 ரக ஆயில் கொஞ்சம் தாமதப்படுத்தும், குணப்படுத்தாது.

ரிங்தான், ஆனால் வண்டியே ஒரு லட்சத்துக்குத்தான் போகும் என்றால் ஊற்றி ஓட்டுங்கள். சீல் என்று உறுதியானால் தயங்காமல் மாற்றுங்கள். பிளக் அடிக்கடி எண்ணெயாகிறதா, 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டரை எட்டுகிறதா? அப்போது ஊற்றுவது கட்டுப்படியாகாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். செகண்ட்ஹேண்ட் இன்ஜின் மலிவுதான், ஆனால் அதன் நம்பரை ஆர்சியில் ஏற்ற ஆர்டிஓ அலுவலகம் போக வேண்டும்.