கிண்டியில் படிக்கிற பையன் எங்கே தங்குவது: ரயிலா, ரூமா, ஹாஸ்டலா?

சித்தி மகனுக்கு இந்த வருடக் கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். ஆணை கைக்கு வந்த அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"செங்கல்பட்டுலதான் ரயில் இருக்கே, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போய்ட்டு வரலாம்ல?" என்பது சித்தியின் கட்சி. "நாலு பசங்களோட சேந்து வேளச்சேரில ரூம் எடுத்துக்கறேம்மா" என்பது அவன் கட்சி. ஹாஸ்டலைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. என்னிடம் கேட்டார்கள். 2021இல் அதே வளாகத்தில் சேர்ந்து, நான்கு வருடத்தில் மூன்று வழியையும் பார்த்தவன் நான். முதல் வருடம் ரயில், இரண்டாம் வருடம் ஹாஸ்டல், மூன்றாம் வருடம் வெளியே ரூம், கடைசி வருடம் திரும்பவும் ஹாஸ்டல். ரூமை விட்டுத் திரும்பி வந்தவன் என்பதால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

ரயிலைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். மாணவர்களுக்குச் சலுகை விலையில் சீசன் டிக்கெட் உண்டு, அதனால் காசு பெரிய விஷயம் இல்லை. செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கி சர்தார் பட்டேல் சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். காலை எட்டரை வகுப்புக்கு ஆறு மணி வண்டியை விட்டால் சிரமம், ஆகவே ஐந்து மணிக்கு எழ வேண்டும். அம்மாவும் நாலரைக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். சித்திக்கு இதை அழுத்திச் சொன்னேன். வீட்டுச் சாப்பாடு என்று நாம் சொல்வது வீட்டில் ஒருவருடைய தூக்கத்திலிருந்து வருவது. என் முதல் வருடத்தில் பாதி கொரோனாவால் ஆன்லைன் வகுப்பாகப் போய்விட்டது. நான் முழுசாக ரயிலில் போய் வந்தது ஐந்தாறு மாதம்தான். நான்கு வருடமும் அரக்கோணத்திலிருந்து வந்து போன நண்பன் ஒருவன் இருக்கிறான். வண்டியிலேயே படித்தான், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். அவனைக் கேட்டால் வேறு கதை சொல்லக்கூடும்.

ஆனால் அந்த ஐந்தாறு மாதத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வளாகம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் முழிக்கிறது. 1794இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920இல் கிண்டிக்கு வந்து, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியான கல்லூரி இது. பக்கத்திலேயே ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி. எல்லாத் துறைப் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடுவது வகுப்பு விட்ட பிறகுதான். டெக்கோஃபெஸ் கலைவிழா ஒத்திகை, குருக்ஷேத்ரா தொழில்நுட்ப விழாவுக்கான வேலை, என்.எஸ்.எஸ். கூட்டம், மைதானம் எல்லாம் அப்போதுதான். 2004இல் தொடங்கிய வளாகச் சமுதாய வானொலி, நாட்டிலேயே முதலாவது, இங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் ஐந்தேகாலுக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினால்தான் இருட்டுவதற்குள் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். அந்த வருடம் என் வகுப்பில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள், நான் உட்கார்ந்த வரிசையில் இருந்தவர்கள்தான்.

அடுத்தது ரூம். தம்பிக்கு இதில்தான் கண். அவன் வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் அவனைக் குறை சொல்ல மாட்டேன். நினைத்த நேரத்துக்கு வரலாம், போகலாம். பிடித்ததைச் சமைக்கலாம். இன்னார் அனுமதி வேண்டும் என்பதில்லை. நான்கு பேர் பகிர்ந்தால் வாடகையும் தலைக்குக் குறைவாகத்தான் தெரியும். அட்வான்ஸைத்தான் கவனிக்க வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்திருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். எங்கள் வீட்டுக்காரர் அதைவிடக் கூடவே கேட்டார், கொடுத்தோம். கரண்ட் பில்லும் அப்படித்தான். சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை. காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று பிடித்ததில் அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. குடிதண்ணீர் கேன், கேஸ், பாத்திரம் கழுவும் முறை, யார் முறை தவறினான் என்ற சண்டை எல்லாம் உண்டு. இவற்றைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது மழை. சென்னையில் படிக்க வருகிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியபோது எங்களுக்கு ஐந்தாம் செமஸ்டர் தேர்வு நேரம். வேளச்சேரியில் தரைத்தளத்து அறை. விடியற்காலை கட்டிலிலிருந்து காலை இறக்கினால் தண்ணீர். கேஸ் சிலிண்டர் மிதக்கிறது. கையில் கிடைத்த சான்றிதழ்களையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். நோட்டுகள் போயின. செமஸ்டர் முழுக்க எழுதிய இரண்டு பாட நோட்டு, இன்னொருவனிடமிருந்து இரவல் வாங்கியது ஒன்று. இரண்டு நாள் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மேல்வீட்டு அக்கா கொடுத்த உப்புமாதான் சாப்பாடு. தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள், அதனால் தப்பித்தோம். அந்தத் தேதிகளில் ஹாஸ்டலில் இருந்த நண்பர்களுக்கும் கரண்ட் இல்லை. ஆனால் அவர்கள் மாடி அறையில் காய்ந்த படுக்கையில் இருந்தார்கள், மெஸ்ஸில் சாம்பார் சாதம் வந்தது, எல்லோருடைய நோட்டும் பத்திரமாக இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அவர்களுடைய நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்துத்தான் நான் தேர்வு எழுதினேன்.

மழை வருடத்தில் சில நாள்தானே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. முதல் மாடி அறை பார்த்துக்கொண்டால் தீர்ந்தது என்றும் சொன்னான். அதுவும் சரி. ஆகவே, மழையை விட்டுவிட்டு என்னைத் திரும்ப ஹாஸ்டலுக்கு இழுத்த காரணத்துக்கு வருகிறேன். அது பக்கத்து அறை.

இரண்டாம் வருடம் எங்களுக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் என்று ஒரு பாடம். வகுப்பில் எல்லாம் புரிவது போலவே இருக்கும். புத்தகத்தைத் திறந்து கணக்கில் உட்கார்ந்தால் ஒன்றும் நகராது. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ராத்திரி பதினொரு மணிக்கு, ஃபூரியர் தொடரில் முட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நான்கு அறை தள்ளி இருந்த தென்காசிக்காரர், மூன்றாம் வருடம், பல் தேய்க்கப் போனவர் நின்று பார்த்தார். பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு, "ஏல, கோயில்ல நாதஸ்வரம், ஒத்து, தவில் எல்லாம் சேந்து ஒரே சத்தமாத்தான் காதுல விழுது. ஆனா எது எந்தச் சத்தம்னு உனக்குப் பிரிக்கத் தெரியும்ல? அதத்தான் இங்க கணக்கா செய்யுதோம்" என்றார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து ஒரு மணி வரை சொல்லிக்கொடுத்தார். என்னோடு இன்னும் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவன் ஏ.சி. டெக், அவனுக்கு இந்தப் பாடமே கிடையாது, சும்மா கேட்க வந்தவன்.

இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ட்யூஷன் இல்லை, குரூப் ஸ்டடி என்று பெயர் வைத்த கூட்டம் இல்லை. பதினொரு மணிக்கு ஒருத்தர் பல் தேய்க்கப் போனார், அவ்வளவுதான். ரயிலில் போய் வந்த வருடத்தில் அந்த நேரத்துக்கு நான் தூங்கியிருப்பேன். ரூமில் இருந்த வருடத்தில் சந்தேகம் வந்தால் அறையில் இருந்த மற்ற மூவரும் என் வகுப்பே, எனக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் கேட்கலாம்தான். ஆனால் தனக்கு என்ன தெரியவில்லை என்றே தெரியாதவன் எதைத் தட்டச்சு செய்து கேட்பான்? முகத்தைப் பார்த்து எங்கே முட்டுகிறான் என்று கண்டுபிடிக்க எதிரே ஓர் ஆள் வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாமே ஆங்கிலத்தில் வந்து நிற்கும் முதல் இரண்டு செமஸ்டரில் இது இன்னும் பெரிய விஷயம். பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குகிற கேள்வியை வராந்தாவில் கைலியோடு நிற்கிற சீனியரிடம் கூசாமல் கேட்கலாம். எங்கள் செட்டில் முதல் வருடம் அரியர் வைத்தவர்களில் பலர் பின்னால் மீண்டு வந்தது இந்த வராந்தாக்களில்தான். நான் கண்ணால் பார்த்தேன்.

டே ஸ்காலருக்கு இதற்கு மாற்றே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. வளாகத்தை ஒட்டியே, கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க அங்கே தனிப் பகுதி உண்டு. அமைதிக்கு அது போல வராது. ஆனால் எனக்கு அந்த வயதில் வேண்டியிருந்தது அமைதி இல்லை, பேச்சு.

ஹாஸ்டலின் சங்கடங்களையும் தம்பியிடம் மறைக்கவில்லை. அரசு விடுதி எதிலும் தனிமை என்பது கிடையாது. காலையில் குளியலறைக்கு வரிசை. மெஸ் பெரும்பாலும் டிவைடிங் சிஸ்டம், அதாவது மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்ட நாட்களுக்கு வகுத்துப் போடுவார்கள். பில் மாதா மாதம் ஏறி இறங்கும். ஊருக்குப் போனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் கழிப்பார்கள். ஆனால் அவனுக்கு இந்தக் கணக்கே அநேகமாக வேண்டாம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இலேயே அறிவித்துச் செய்துவருகிறார்கள். அரசு கொடுக்கிற இடத்தை விட்டுவிட்டு வேளச்சேரியில் அட்வான்ஸ் கட்டுவானேன்? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். அது அவன் கைச்செலவுக்குப் போதும்.

பெண் பிள்ளைகளுக்கு இதே பதிலைச் சொல்வேனா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார், அவர் மகள் பிளஸ் டூ. அதில் எனக்கு அனுபவம் இல்லை. உடன் படித்த தோழிகள் சொன்னதை மட்டும் சொன்னேன்: கேட் மூடும் நேரம் ஆண்கள் விடுதியைவிட முந்தி, ஆனால் மூடிய பிறகு உள்ளே நடக்கிற வராந்தாப் பாடம் அதேதான், சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகம். மகளையே அவர்களிடம் பேசவைக்கலாம் என்று எண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சித்தி முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. கடைசியில் அவருக்குப் பிடித்தது, ரயில் எங்கேயும் போய்விடவில்லை என்பதுதான். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கிண்டியில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். திங்கள் காலை ஒரு நாள் மட்டும் ஆறு மணி வண்டி. ஹாஸ்டல் விண்ணப்பத்துக்கு வேண்டிய போட்டோவும் சாதிச் சான்றிதழ் நகலும் எடுக்க நேற்று இரண்டு பேரும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தார்கள். வரும்போது சித்தி ஒரு பூட்டும் நீல நிற பிளாஸ்டிக் வாளியும் வாங்கி வந்திருக்கிறார்.