சுன்னத்தா, களிம்பா, காத்திருப்பதா?

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம், ஆணுறுப்பின் முன்தோலை வெட்டி எடுக்கும் சுன்னத் பற்றிய பேச்சு இரண்டு வழியாக வந்து சேர்கிறது. பழையபேட்டைப் பக்கத்திலிருந்து வரும் பாய், "பையனுக்கு ஏழு வயசாச்சு, லீவுல சுன்னத் பண்ணிடலாம்னு இருக்கோம். லேசர் நல்லதா, சாதாரணமா பண்றது நல்லதா?" என்று கேட்பார். பர்கூர் பக்கத்திலிருந்து வரும் அம்மா, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ரெண்டு வயசுதாங்கண்ணா ஆகுது. முன்தோல் பின்னால போகலை, ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. நம்ம ஆளுங்கள்ல இதெல்லாம் பழக்கமே இல்லையே" என்று மெதுவாகச் சொல்வார்.

கத்தி படுகிற இடம் ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு வீடும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றல்ல. முதல் வீட்டில் செய்வதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. எப்போது, யாரிடம் என்பதுதான். இரண்டாவது வீட்டில் செய்யத்தான் வேண்டுமா என்பதிலேயே தொடங்க வேண்டும். மார்க்கக் கடமையாகச் செய்கிறவர்கள் எய்ட்ஸ் வராது, புற்றுநோய் வராது என்று துணைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வைத்தியத்துக்காக யோசிக்கிறவர்கள் ஊர் என்ன பேசும் என்று பயப்பட வேண்டியதும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மதங்கள் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றுக்கும் வேர் ஒன்றே: இப்ராஹீம் நபி, பைபிளில் ஆபிரகாம். ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் கடவுளோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமாக இது, விருத்தசேதனம் என்ற பெயரில், வருகிறது. அப்போது ஆபிரகாமுக்கு 99 வயது, மகன் இஸ்மவேலுக்கு 13. யூதர்கள் இன்றும் குழந்தை பிறந்த எட்டாம் நாளில் செய்கிறார்கள். இயேசுவுக்கும் எட்டாம் நாளில் விருத்தசேதனம் நடந்ததை லூக்கா சொல்கிறார். ஆனால் யூதரல்லாத விசுவாசிகளுக்கு இது தேவையில்லை என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதனால் நம் ஊர் கிறிஸ்தவர்களுக்கு இது வேதத்தில் படிப்பதோடு சரி. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களும் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் போன்ற சிலர் வழக்கமாகச் செய்து வருகிறார்கள்.

இஸ்லாத்தில் இதற்கான ஆதாரம் குர்ஆன் வசனத்தில் நேரடியாக இல்லை, நபிமொழித் தொகுப்பான ஹதீஸில் இருக்கிறது. மனிதனின் இயல்பைச் சேர்ந்த ஐந்து காரியங்களில் ஒன்றாக, நகம் வெட்டுவது, மீசை கத்தரிப்பதோடு சேர்த்து நபிகள் நாயகம் இதைச் சொல்லியிருக்கிறார். ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டப் பிரிவு) இது கட்டாயம். ஏழாம் நாளே செய்வது விரும்பத்தக்கது. ஹனஃபி மத்ஹபில் இது சுன்னத், அதாவது நபிவழி, கட்டாயம் என்ற அளவுக்கு இல்லை. பருவ வயதுக்கு முன் முடிந்தால் போதும், வயதில் நெகிழ்வு உண்டு. கடலோர ஊர்களில் ஷாஃபிகள் அதிகம். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் உருது பேசும் குடும்பங்களும் ராவுத்தர்களும் பெரும்பாலும் ஹனஃபி. வயதை முடிவு செய்யும் இடத்தை மார்க்கமே பெற்றோருக்கு விட்டுவைத்திருக்கிறது என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். அதனால் டாக்டர் "இரண்டு மாதம் பொறுங்கள்" என்றால், தள்ளிப்போடுவதைப் பாவமாக யாரும் நினைக்க வேண்டாம்.

இந்துக்களுக்கு இப்படி ஒரு சடங்கு இல்லை, தடையும் இல்லை. மதமே சம்பந்தப்படாமல் வெறும் பழக்கமாகப் பரவிய நாடுகளும் உண்டு. தென்கொரியாவில் 1950களின் போருக்குப் பின் அமெரிக்கத் தொடர்பால் பரவி, 2000க்குப் பிறகு வேகமாகக் குறைந்தது. பிலிப்பைன்ஸில் கத்தோலிக்கப் பையன்கள் கோடை விடுமுறையில் செய்துகொள்கிறார்கள்.

கைக்குழந்தையா, ஏழு வயதா

நம் பக்கத்துப் பழக்கம் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள். உறவு கூடும், புதுத் துணி, பிரியாணி, பையனுக்கு மோதிரமும் பணமும் வரும். காதுகுத்தில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக் கொண்டாடுவது போன்ற ஒரு நாள் அது, அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உடம்பின் கணக்கைப் பார்த்தால் தராசு கைக்குழந்தைப் பக்கம் சாய்கிறது. 2010இல் வெளியான, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், பச்சிளம் குழந்தைகளிடம் சிக்கல்கள் சுமார் 1.5 சதவீதமும், வளர்ந்த சிறுவர்களிடம் சுமார் 6 சதவீதமும் இருந்தன. பெரும்பாலானவை சிறு ரத்தக்கசிவு, வீக்கம் போன்றவை. கைக்குழந்தைக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும், புண்ணும் சீக்கிரம் ஆறும். ஓடி ஆடும் பையனை அசையாமல் படுக்க வைக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவை. மயக்க மருந்து என்றால் அதற்கான டாக்டர், ஆறு மணி நேரம் சாப்பாடு இல்லாமல் இருப்பது, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து வரும்.

கைக்குழந்தைப் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. ரத்தம் உறையாத நோய் இருந்தால் அந்த வயதில் அது வெளியே தெரிந்திருக்காது. எடை குறைந்து, மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை தெளியாத குழந்தைக்கும் அவசரப்படக் கூடாது. இன்னொன்று, ஏழு வயதுப் பையனிடம் நடக்கப்போவதைச் சொல்லலாம், கைக்குழந்தையிடம் சொல்ல முடியாது. ஏழு வயதில்தான் செய்வோம் என்று குடும்பம் முடிவெடுத்தால் தப்பில்லை. ஆனால் "மாமா வீட்டுக்குப் போறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப்போவதை விட்டுவிடுங்கள். பயப்படுவான் என்றுதான் மறைக்கிறோம். ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்ற நினைப்பு, வலி போன பிறகும் அவனிடம் தங்கும்.

ஒஸ்தாவா, ஆபரேஷன் தியேட்டரா

ஒஸ்தாக்கள் வீடு தேடி வந்து சுன்னத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள், கைத்திறமை உள்ளவர்கள், அதை மறுப்பதற்கில்லை. ஒரு காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் திறமை கத்தியில் மட்டும் இருந்தால் போதாது. மரப்பு ஊசி, கொதிகலனில் சுத்தம் செய்த கருவி, ரத்தம் பீறிட்டால் ரத்தக்குழாயைக் கட்டித் தையல் போடும் வசதி, இந்த மூன்றும் வீட்டுத் திண்ணையில் இல்லை. புண்ணில் சாம்பல் வைப்பது டெட்டனஸுக்குக் கதவு திறப்பது போலாகும். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் 2022இல் வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் அறுவை சிகிச்சை டாக்டர்கள் இருக்கும்போது வீட்டிலேயே செய்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. டாக்டரிடம் போனால் மார்க்கம் குறைந்துவிடாது. பிஸ்மில்லாஹ் சொல்வதை எந்தத் தியேட்டரிலும் யாரும் தடுப்பதில்லை.

லேசர், ஸ்டேப்லர், வளையம் என்ற போட்டியில் நான் அதிக நேரம் செலவிடமாட்டேன். செய்கிறவரின் அனுபவம்தான் முதலில், கருவி பிறகு. பிளாஸ்டிக் வளையம் சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றது, ஒரு வாரம் பத்து நாளில் தானாக விழும். ஸ்டேப்லர் பெரியவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும், செலவு கூடும். ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: மின்சாரத்தால் ரத்தம் நிறுத்தும் கருவியைப் பயன்படுத்தினால் அது பைபோலார் வகைதானா என்று. மோனோபோலார் வகையில் மின்சாரம் உறுப்பு முழுவதும் பாய்ந்து கருகிப்போகும் ஆபத்து உண்டு.

பர்கூர் அம்மாவுக்கு: காத்திருப்பதா, களிம்பா, கத்தியா

பிறக்கும்போது ஏறக்குறைய எல்லா ஆண்குழந்தைகளுக்கும் முன்தோல் உறுப்பின் நுனி மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். அது நோயில்லை. வளர வளரத் தானே பிரியும். டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 1968இல் வெளியான ஆய்வில், 6-7 வயதில் 8 சதவீதம் பேருக்கு முன்தோல் இறுக்கம் இருந்தது, 16-17 வயதில் அது 1 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோல் பின்னால் போகவில்லை என்பது மட்டுமே காரணமென்றால், காத்திருப்பதுதான் முதல் வழி. குளிப்பாட்டும்போது பலவந்தமாகப் பின்னால் இழுக்கும் பழக்கத்தை நிறுத்துவதும் அதில் சேர்ந்தது. இழுத்து இழுத்துத் தோல் வெடித்து, தழும்பாகி, இல்லாத நோயை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

அடிக்கடி சிவந்து சீழ் பிடித்தால், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால், வயது ஏறியும் இறுக்கம் விடாவிட்டால் அடுத்தது களிம்பு. பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொன்ன அளவில் நான்கு முதல் எட்டு வாரம் தடவினால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தோல் தளர்ந்துவிடும். கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன்: சீட்டில்லாமல் வந்து ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த டியூபைக் கேட்காதீர்கள். படர்தாமரைக்கு என்று ஊரெல்லாம் அதைத் தடவித் தோலைக் கெடுத்துக்கொண்டது போதும்.

கத்தி உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. தோல் நுனி வெள்ளையாகத் தடித்து, வளையம் போலச் சுருங்கும் ஒரு வகை நோய்க்குப் பெரும்பாலும் அறுவைதான் தீர்வு. பின்னால் போன தோல் திரும்பி வராமல் மொட்டு வீங்கினால் அது அவசரம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படித் தேவைப்பட்டால் தயங்காமல் செய்யுங்கள். அது ஒரு அறுவை சிகிச்சை, மதம் மாறுவது இல்லை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது தாண்டியவருக்குத் திடீரென்று முன்தோல் வெடித்து, அரித்து, இறுகினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். நீரிழிவின் முதல் அறிகுறியே சிலருக்கு அங்கேதான் தெரிகிறது. டபாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் அறுவை செய்தால் புண் ஆறுவது தாமதமாகும்.

எய்ட்ஸ் வாதமும் பிள்ளையின் உரிமையும்

தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த மூன்று ஆய்வுகளில், சுன்னத் செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்ணிடமிருந்து எச்ஐவி தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2007இல் பரிந்துரைத்தது, தொற்று மிக அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்காக. தொற்று குறைவாக உள்ள நம் நாட்டில் எல்லோருக்கும் செய்ய அது காரணமாகாது. சுன்னத் ஆனவருக்கும் ஆணுறை தேவைதான். சிறுநீர்த் தொற்று குழந்தைகளிடம் குறைவது உண்மை, ஆனால் ஒரு தொற்றைத் தடுக்க நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

மருத்துவர்களே இதில் ஒருமித்துப் பேசவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் ஆபத்தைவிட நன்மை அதிகம் என்றது, ஆனாலும் எல்லோருக்கும் பரிந்துரைக்கவில்லை. டச்சு மருத்துவர் சங்கம் 2010இல், நோயில்லாத பிள்ளைக்குச் செய்வது அவன் உடல் உரிமையைப் பறிப்பது என்றது. ஜெர்மனியில் கொலோன் நீதிமன்றம் 2012இல் அதைக் காயப்படுத்தும் குற்றமாகப் பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பெற்றோருக்கு அனுமதி தரும் சட்டம் கொண்டுவந்தது. பிள்ளையின் சம்மதம் என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு சமூகத்தோடு அவனைச் சேர்க்கும் அடையாளத்தைத் தடை போட்டால், அது திரும்பவும் திண்ணைக்குத்தான் போகும். வலியில்லாமல், பாதுகாப்பாகச் செய்யச் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெண்பிள்ளைகளின் உறுப்பை வெட்டும் பழக்கத்தை யாரும் இதோடு சேர்த்துப் பேச வேண்டாம். அதில் ஒரு நன்மையும் இல்லை, கெடுதல் மட்டுமே.

யாருக்கு வேண்டவே வேண்டாம்

சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு முன்தோல் பாதியாக இருப்பதைப் பார்த்து, பிறக்கும்போதே சுன்னத் ஆனவன் என்று சந்தோஷப்படுவார்கள். அந்தப் பிள்ளையின் தோலைத் தொடவே கூடாது. துளையைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல்தான் தேவைப்படும். குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் முதலில் காட்டுங்கள்.

இன்னொன்று ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா. தாயிடமிருந்து மகனுக்கு வரும் நோய் இது. யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத், ஒரு தாயின் இரண்டு மகன்கள் இதனால் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யக் கூடாது என்று அன்றே சொன்னது. அக்கா தங்கையின் பிள்ளைகளையும் அதில் கணக்கில் எடுத்தது. நாள் குறிக்கும் முன் தாய்மாமன்களை விசாரியுங்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காத மாமன், முட்டி வீங்கும் மாமன் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வேலூர் சிஎம்சி அதிக தூரமில்லை.

எல்லாம் சரியாக நடந்து வீட்டுக்கு வந்த பிறகும் முதல் இரவு ஒருவர் விழித்திருங்கள். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காமல் துணி நனைந்துகொண்டே இருந்தாலோ, அரை நாள் ஆகியும் பிள்ளை ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, காய்ச்சலோடு நுனி கறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.