தொண்ணூறு காப்பி என்று விற்றார்கள், இருந்தது ஒன்று

போன வாரம் பக்கத்து யூனிட் மேனேஜர் ஒரு கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஏனுங்கண்ணா, இது போடலாங்களா?" என்று கேட்டிருந்தார். கிளை ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு டீடூப்ளிகேஷன் பேக்கப், அதாவது ஒரே தகவலை இரண்டு முறை சேமிக்காத பேக்கப், சுருக்கமாக டீடூப். 'தினமும் பேக்கப், 90 நாள், 90 காப்பி, இடம் மட்டும் இருபதில் ஒரு பங்கு.' வரிக்கு வரி எனக்குத் தெரிந்த கொட்டேஷன். 2022 கடைசியில் இதே ஆட்கள் இதே காகிதத்தை என் மேசையிலும் வைத்தார்கள். அவர்கள் பெயரை இங்கே போடப்போவதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால் அந்த வேலையும் என் தலையில். பெருந்துறையில் ஒரு கிளை, சென்னையில் ஒன்று, தூத்துக்குடியில் ஷிப்பிங் வேலைக்கு ஒரு சின்ன ஆபீஸ். அந்த வருடம் ஆகஸ்டில் கம்பெனிக் கணக்கு விதிகளைத் திருத்தி, கம்ப்யூட்டரில் வைக்கிற கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பு 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. ஆடிட்டர் இதைச் சொல்லிப் போன கொஞ்ச நாளில் இவர்கள் வந்து நின்றார்கள்.

டீடூப் பற்றி அவர்கள் சொன்ன விளக்கத்தில் தப்பு கிடையாது. கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஓர் எண் கணக்கிடும். அந்த எண் திருப்பூரில் இருக்கிற பேக்கப் பெட்டியில் ஏற்கெனவே இருந்தால் துண்டை மறுபடி அனுப்பாமல், 'அதேதான்' என்று குறித்துக்கொள்ளும். 38 ஜிபி அவுட்லுக் மெயில் கோப்பில் இன்று நாலு மெயில் சேர்ந்தால், மாறின துண்டுகள் மட்டும் லைனில் போகும். கிளை ஆபீஸுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த 'இருபதில் ஒரு பங்கு'தான் விற்பனைப் பேச்சு. 90 நாளையும் கூட்டிக் கணக்குப் போட்டால் அப்படி வரலாம். முதல் நாளே சுருங்கும் என்று எதிர்பார்த்தால் வராது. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், சாம்பிள் போட்டோ எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

போட்டுக் கொடுத்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தூத்துக்குடி லைனில் அப்லோடு 10 எம்பிபிஎஸ். முழு வேகம் கிடைத்தாலும் மணிக்கு நாலரை ஜிபி. அங்கே இருந்தது 180 ஜிபி, அதாவது நாற்பது மணி நேரம். விவரம் தெரிந்தவன் முதல் காப்பியை டிஸ்கில் எடுத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அப்புறம் மாற்றங்களை மட்டும் லைனில் விடுவான். இவர்கள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஓடவிட்டுப் போய்விட்டார்கள். சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளம் திறக்காமல், ஷிப்பிங் பில் போட முடியாமல், அங்கே இருந்த பையன் போனில் அழாத குறை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் சத்தமே இல்லை. தினமும் காலையில் 'பேக்கப் முடிந்தது' என்று மெயில் வரும். நானே ஒரு ரூல் போட்டு அதைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டேன். மாதம் ஒரு முறை ஓர் ஆள் வந்து பெட்டியைத் துடைத்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'ரீஸ்டோர் டெஸ்ட்' கட்டத்தில் டிக் அடித்து நீட்டுவார். டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மொத்தம் பதினொரு தாள்.

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்ட மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் தூத்துக்குடி ஆபீஸ் தரைத்தளத்தில், இரண்டு சிபியூவும் மேசைக்கு அடியில். "பரவாயில்லைங்க, எல்லாம் திருப்பூர்ல பேக்கப் இருக்கு" என்று முதலாளியிடம் தைரியமாகச் சொன்னது நான்தான்.

ரீஸ்டோர் திரையைத் திறந்தால் பட்டியல் தேதி வாரியாக அழகாக இருந்தது. ஷிப்பிங் மேனேஜரின் மெயில் கோப்பைக் கொடுத்தேன். 61 சதவீதத்தில் நின்று, ஒரு துண்டின் கைரேகை பொருந்தவில்லை என்று பிழை காட்டியது. சரி, முந்தின நாளுடையதை எடுப்போம் என்று பார்த்தால் அதே இடம், அதே துண்டு. ஒரு வாரம் பின்னால் போனேன், அக்டோபருக்குப் போனேன், அதே துண்டு. கையை மேசையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு நாள் என்று அவர்கள் விற்றது தொண்ணூறு பட்டியலை. என்றைக்கோ வந்த பழைய மெயில்கள் இருக்கிற துண்டு மாறவே மாறாது. முதல் நாள் எழுதினது எழுதினதுதான், மற்ற நாளெல்லாம் அதைத்தான் கைகாட்டுகின்றன. டிஸ்கில் அந்த ஓரிடம் கெட்டதும் தொண்ணூறும் ஒன்றாகப் போயிற்று.

இன்னொரு கம்ப்யூட்டரின் மெயில் கோப்பு பட்டியலிலேயே இல்லை. இரவு அவுட்லுக்கை மூடாமல் போனதால் கோப்பு பூட்டியிருந்திருக்கிறது, மென்பொருள் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தும்படி அமைத்திருந்தால் திறந்திருந்த கோப்பையும் எடுத்திருக்கும். தள்ளிவிட்ட அந்த மெயில்களைத் திறந்து பார்த்தேன். 'முடிந்தது' என்பதற்குக் கீழே 'எச்சரிக்கை: 1' என்று வருடம் பூராவும் இருந்திருக்கிறது.

போன் போட்டேன். "டீடூப்ல அப்படித்தான் சார். டிஸ்க் கெட்டா நாங்க என்ன பண்றது?"

"ரெண்டு டிஸ்க் மிரர்ல இருக்கே, ஒண்ணு கெட்டா இன்னொண்ணுல இருக்கணுமே?"

பதில் இல்லை. போனைக் காதில் வைத்தபடியே எழுந்துபோய்ப் பெட்டியின் இரண்டாவது தட்டை இழுத்தேன். எடையே இல்லாமல் கையோடு வந்தது. டிஸ்கை மாட்டுகிற நாலு திருகும் சின்ன பிளாஸ்டிக் கவரில், பிரிக்காமல், தட்டோடு ஒட்டியிருந்தன. பில்லில் '4 டிபி டிஸ்க், எண்ணிக்கை 2' என்று போட்டு இரண்டுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள்.

நேரில் வந்தபோது அவர்கள் மேசையில் எடுத்து வைத்தது என்னுடைய பதினொரு கையெழுத்துகளை. "நீங்கதானே சார் டெஸ்ட் ஓகேன்னு போட்டிருக்கீங்க?" அதற்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலைக் கேட்டால், வணிகத்துக்காக வாங்கின பொருளும் சேவையும் 2019 சட்டத்தில் பொதுவாக வராது என்றார். நோட்டீஸ் அனுப்பினதில் ஒரு டிஸ்க் விலையும் மிச்ச மாத ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்த) பணமும் திரும்ப வந்தது. மெயில்கள் வரவில்லை. அந்த வருடம் பையர் கேட்ட ஒரு ஷார்ட் ஷிப்மென்ட் க்ளெய்முக்கு, அதாவது சரக்கு குறைவாக வந்தது என்ற புகாருக்கு, ஆதாரம் காட்ட முடியாமல் தள்ளுபடி கொடுத்து முடித்தோம்.

இப்போது ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் ஓடுகிறது, அதுவும் டீடூப்தான். இரண்டு டிஸ்க் மிரரில், இன்னொரு முழுக் காப்பி வேறு கட்டடத்தில். அதில் 'செக்' கட்டளையைச் சும்மா கொடுத்தால் அமைப்பைத்தான் சரிபார்க்கும். 'ரீட்-டேட்டா' சேர்த்துக் கொடுத்தால்தான் ஒவ்வொரு துண்டையும் டிஸ்கிலிருந்து படித்துப் பார்க்கும். போர்க் (Borg) என்ற இன்னொரு பேக்கப் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அது 'வெரிஃபை-டேட்டா'. மாதம் ஒரு முறை ராத்திரி முழுக்க ஓடுகிறது, ஓடட்டும். பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது, அதனால் காகிதத்தில் எழுதி முதலாளி லாக்கரில் வைத்திருக்கிறோம். முதல் சனிக்கிழமை ஒரு கிளையின் கோப்பைத் தனி லேப்டாப்பில் இறக்கி, அந்தக் கிளை ஆளையே வீடியோ காலில் கூப்பிட்டுத் திறந்து காட்டுகிறேன். அவர் "ஆமா, இது என்னுதுதான்" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து.

பக்கத்து யூனிட்காரரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். பெட்டியை உங்கள் கண் முன்னால் திறந்து டிஸ்கை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கிளையிலிருந்து வந்த பெரிய கோப்பு ஒன்றை முழுசாகத் திருப்பி எடுத்துக் காட்டின பிறகுதான் கடைசித் தவணை என்று எழுதி வாங்குங்கள். கேட்டாராம். "வெள்ளிக்கிழமை வந்து பேசறோம்" என்றார்களாம். இன்றைக்குச் செவ்வாய், இன்னும் வரவில்லை.